மாமியா 7-ஆ, ஃபுஜி 690-ஆ: இரண்டையும் வாங்கிப் பார்த்த பிறகு

மீடியம் ஃபார்மட் என்ற, 35 மி.மீ.-ஐவிடப் பெரிய ஃபிலிமுக்கு மாறுவது என்று முடிவெடுத்ததும் பல மாதம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். மாமியா 7 வாங்குவதா, ஃபுஜி ஜிடபிள்யூ690 வாங்குவதா? இரண்டும் ஜப்பானில் தயாரான ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை), இரண்டிலும் 120 என்ற அகலமான சுருள் ஃபிலிம்தான் போட வேண்டும், இரண்டுக்கும் அடிமைகள் மாதிரி ரசிகர்கள் உண்டு. தேடிப் படித்ததெல்லாம் லென்ஸ் கூர்மையைப் பற்றியே பேசின. கையில் வந்து சேரும் கேமரா சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, சரியில்லை என்றால் எங்கே கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நிறையப் பணம் ஆனது. பணத்தைவிடப் பெரிதாக, திரும்ப எடுக்க முடியாத சில படங்களும் போயின. இதே கேள்வியோடு இப்போது யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது தோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் நிஷி கசாய். மென்பொருள் வேலை. நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடம், மளிகைக் கடையில் புளியும் பொன்னி அரிசியும் கிடைக்கும். பல வருடமாக 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய நெகட்டிவ் வேண்டும் என்ற ஆசை ஒரு கண்காட்சியில் 6×7 (சென்டிமீட்டர் கணக்கு) நெகட்டிவிலிருந்து போட்ட பிரின்ட்டைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டது. சாதாரண 35 மி.மீ. நெகட்டிவைப் போல 6×7-க்கு சுமார் நாலரை மடங்கு பரப்பு, 6×9-க்கு ஐந்து மடங்குக்கும் மேல். வானத்தில் மேகத்தின் சாயல் மாறும் இடங்களிலும், முகத்தில் வெளிச்சம் நிழலாக இறங்கும் இடங்களிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஏன் ரேஞ்ச்ஃபைண்டர் என்று கேட்கலாம். இந்த அளவு ஃபிலிமுக்கு எஸ்எல்ஆர் கேமரா என்றால் உள்ளே பெரிய கண்ணாடி ஒன்று எழும்பி அடிக்கும், எடையும் கழுத்தை இழுக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, இதழ் போலத் திறந்து மூடும், அதிர்வு மிகக் குறைவு. முக்காலி இல்லாமல் நொடியில் 60-இல் ஒரு பங்கில் தைரியமாக எடுக்கலாம். நடந்து நடந்து படம் எடுக்கும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இரண்டு கேமராவையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாமியா 7 வந்தது 1995-இல், அதன் இரண்டாம் பதிப்பு 1999-இல். படம் 6×7, ஒரு ரோலில் 10. லென்ஸ் மாற்றலாம், 43 முதல் 210 மி.மீ. வரை ஆறு லென்ஸ்கள் உண்டு. உள்ளே லைட் மீட்டர் இருக்கிறது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். 80 மி.மீ. லென்ஸோடு 1.2 கிலோவுக்குப் பக்கம். ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. ஆனால் ஷட்டர் ஓடுவது மின்சாரத்தில். பேட்டரி இல்லை என்றால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. ஃபுஜி நேர் எதிர். 1978-இல் தொடங்கிய வரிசை. நான் பார்த்தது 1990-களில் வந்த மூன்றாம் பதிப்பு. 90 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டது. மீட்டர் கிடையாது, பேட்டரி போடும் இடமே கிடையாது, எல்லாம் இயந்திரம். 6×9 அளவில் ரோலுக்கு 8 படம்தான். எடை ஒன்றரைக் கிலோவைத் தொடும். பார்ப்பதற்கு லைக்கா என்ற சிறிய ஜெர்மன் கேமரா ஊதிப் பெருத்தது போல இருப்பதால் இதற்கு டெக்சஸ் லைக்கா என்று பட்டப்பெயர்.

காகிதத்தில் இப்படி வைத்துப் பார்த்தால் யாருக்கும் மாமியாதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான். விலைதான் இடித்தது. 2022-இல் ஷின்ஜுகுவில் ஒரு பழைய கேமராக் கடையில் முதல் பதிப்பு மாமியா 7, 80 மி.மீ. லென்ஸோடு 3,40,000 யென். ஆறு மாத உத்தரவாதம். அதே வாரம் இணைய ஏலத்தில் ஒரு தனிநபர் அதே ஜோடியை 2,85,000 யென்னுக்குப் போட்டிருந்தார். நம் பணத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். எல்லாம் வேலை செய்கிறது, ரேஞ்ச்ஃபைண்டர் தெளிவாக இருக்கிறது என்று எழுதி, அதில் எடுத்த படங்களையும் போட்டிருந்தார். மலை, கடல், பாலம், எல்லாம் அத்தனை கூர்மை. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கீழே ஒரு வரி இருந்தது. இங்கே ஏலத்தில் பெரும்பாலானவர்கள் அதை எழுதுவார்கள். வாங்கினேன்.

முதல் ரோல்களை ஆரகாவா ஆற்றங்கரையிலும் கசாய் ரின்காய் பூங்காவிலும் எடுத்தேன். குளிர்காலம், காற்று துடைத்துவிட்டது போல இருந்தது. பெரிய ராட்டினம், அதற்கு அந்தப் பக்கம் மங்கலாக ஃபுஜி மலை. எஃப் 11-இல், அதாவது லென்ஸ் திறப்பைச் சிறிதாக்கி வைத்து எடுத்தவை. லேபில் கழுவி வந்த நெகட்டிவை லைட் பெட்டியில் வைத்து லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, மிகைப்படுத்தவில்லை. ராட்டினத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கொடுத்த ஒவ்வொரு யென்னுக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நம்பிக்கையோடு ஊருக்குக் கொண்டுபோனேன். கும்பகோணத்தில் அம்மாச்சி வீடு. திண்ணையில் காலை வெயில் சாய்வாக விழும்போது அவளை உட்காரவைத்து எடுக்க வேண்டும் என்பது பல நாள் கனவு. மடியில் கை வைத்து, கண்ணாடி வளையலோடு, கேமராவை நேராகப் பார்த்தபடி. ஒன்றரை மீட்டர் தூரம், எஃப் 4, லென்ஸ் முழுதும் திறந்து. வ்யூஃபைண்டர் என்ற பார்க்கும் ஜன்னலின் நடுவில் தெரியும் சிறு கட்டத்தில் அவள் மூக்குக் கண்ணாடியின் விளிம்பு இரண்டாகத் தெரியும்; வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாகும். பார்த்துப் பார்த்து ஒன்றாக்கினேன். "எவ்வளவு நேரம்டி பாப்ப, சட்டுனு புடி" என்று அவள் சொல்லும்வரை பார்த்தேன். பெரியம்மா, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரையும் அப்படியே எடுத்தேன்.

தோக்கியோ திரும்பி லேபில் கொடுத்து வாங்கியபோது கழுத்துக்குக் கீழே எல்லாம் கூர்மை. அம்மாச்சியின் விரல் மடிப்பு, வளையலில் விழுந்த வெயில், புடவைக் கரையின் நூல் வரை தெரிகிறது. முகம் மட்டும் இல்லை. கண்கள் பஞ்சு போல. ஒவ்வொரு படமும் அப்படி. மாமாவின் சட்டைப் பையில் இருந்த பேனா கூர்மை, முகம் மங்கல். அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போகிறேன். ஃபிலிமுக்கும் கழுவி ஸ்கேன் செய்வதற்கும் 40,000 யென்னுக்குக் குறையாமல் ஆகியிருந்தது. அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த முகங்கள் போனதுதான் தாங்கவில்லை.

முதலில் சந்தேகம் என் கை நடுக்கத்தின் மேல் போனது. அப்புறம் லேப் ஸ்கேன் மேல், அப்புறம் விமான நிலைய எக்ஸ்ரே மேல். இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது, அதை முன்பே தெரிந்திருந்தால் எனக்கு நிறைய மன உளைச்சல் குறைந்திருக்கும். நெகட்டிவை லூப்பில் பாருங்கள், ஸ்கேனை நம்ப வேண்டாம். படத்தில் ஏதாவது ஓரிடம் கூர்மையாக இருந்தால் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். எக்ஸ்ரே பட்டால் படம் வெளிறும், பட்டை விழும், ஃபோகஸ் மாறாது. நாம் ஃபோகஸ் செய்த இடம் மங்கலாகவும் அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் இடம் கூர்மையாகவும் இருந்தால், அதுவும் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால், ரேஞ்ச்ஃபைண்டரின் அளவு விலகியிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

இந்த வகைக் கேமராவின் அடிப்படையே இதுதான். எஸ்எல்ஆரில் லென்ஸ் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். லென்ஸில் கோளாறு என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸுக்கு மேலே இருக்கும் தனி ஜன்னல் வழியாக. அந்த ஜன்னலையும் லென்ஸையும் இணைப்பது உள்ளே இருக்கும் ஒரு நெம்புகோலும் சில கண்ணாடிகளும். பை எங்கேயாவது இடித்தாலோ, வருடக்கணக்கில் திருகு தளர்ந்தாலோ, அந்த இணைப்பு ஒரு முடியளவு விலகும். வ்யூஃபைண்டரில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். உண்மை தெரியவருவது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான்.

சரி, முதல் ரோல்கள் ஏன் அவ்வளவு கூர்மையாக வந்தன? எஃப் 11-இல் கூர்மை நிற்கும் ஆழம் மிக அதிகம். தூரக் காட்சியில் லென்ஸ் உண்மையில் 15 மீட்டரில் நின்றாலும் முடிவிலி வரை கூர்மைக்குள் வந்துவிடும். எஃப் 4-இல் ஒன்றரை மீட்டரில் அந்த ஆழம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர்தான், முன்னால் பாதி பின்னால் பாதி. அதே பிழை அங்கே முகத்திலிருந்து மடிக்கு இறங்கிவிடுகிறது. விற்றவர் போட்டிருந்த மலையும் கடலும் பாலமும் இதைத்தான் மறைத்திருந்தன. தெரிந்து செய்தாரா, அவருக்கே தெரியாதா என்பது எனக்குப் புரியவில்லை. எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. ஆகவே பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது தூரக் காட்சிப் படங்களைக் காட்டினால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மீட்டருக்குள், அப்பர்ச்சரை முழுதும் திறந்து எடுத்த ஒரு படம் கேளுங்கள். ஒரு மேஜையில் பென்சில்களைச் சாய்வாக வரிசை வைத்து நடுப் பென்சிலில் ஃபோகஸ் செய்து எடுத்துக் காட்டச் சொன்னாலே போதும்.

கடையிலேயே நின்று செய்யக்கூடிய சோதனையும் உண்டு, ஃபிலிம் வேண்டாம். வெளியே போய்க் குறைந்தது ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செங்குத்தான ஒரு பொருளைப் பாருங்கள். நான் செய்தது ஆற்றங்கரையில் நின்று ஸ்கைட்ரீ கோபுரத்தை வைத்து. 634 மீட்டர் உயரம், எங்கள் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தை முடிவிலியில் முட்டும்வரை திருப்பினால் கோபுரத்தின் இரண்டு பிம்பமும் சரியாக ஒன்றாக வேண்டும். என் மாமியாவில் வளையம் முடிவிலிக்குப் போவதற்கு முன்பே, 10 மீட்டர் குறியைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில், பிம்பங்கள் ஒன்றாகிவிட்டன. முட்டும்வரை திருப்பினால் ஒன்றையொன்று கடந்து மறுபடி இரண்டாகின. இருபது நொடி வேலை. அதோடு பிம்பம் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழுமாக விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்கீழ் விலகல் நேரடியாக ஃபோகஸைக் கெடுக்காது, ஆனால் எப்போது ஒன்றானது என்று கண் தடுமாறும். கேமரா அடி வாங்கியிருக்கிறது என்பதற்கும் அது அடையாளம். கிட்டத் தூரத்துக்கு ஓர் அளவு நாடா போதும். ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து இரண்டு மீட்டர் அளந்து, அங்கே ஒரு பொருளை வைத்து ஒன்றாக்கிவிட்டு, லென்ஸ் மேல் இருக்கும் எண் 2-இல் நிற்கிறதா என்று பாருங்கள். முடிவிலியில் சரியாக இருந்து கிட்டே தவறினால் பழுது பார்ப்பவருக்கு வேலை அதிகம், செலவும் அதிகம்.

பழுது பார்க்க அலைந்தது தனிக் கதை. மாமியாவின் கேமராத் தொழில் 2006-இல் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. பின்னர் ஃபேஸ் ஒன் என்ற டென்மார்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. தயாரித்தவர்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற வழி இல்லை. தனிப்பட்ட கடைகள்தான். ஒரு கடையில் மாமியா 7 எடுப்பதே இல்லை என்றார்கள். இன்னொன்றில் வரிசை நீளம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். கடைசியில் வயதான ஒருவர் தனியாக நடத்தும் சிறு பட்டறையில் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது முக்கியமானது. ரேஞ்ச்ஃபைண்டர் அளவைச் சரிசெய்ய முடியும், அது திருகு வேலை. ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்று போனால் புதுப் பாகம் கிடையாது. இறந்துபோன இன்னொரு மாமியாவிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் கையில் இருந்தால். வாடிக்கையாளர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுவாராம், நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற அவருக்கு இஷ்டமில்லை. அளவு சரிசெய்ய வரியோடு 38,500 யென் ஆனது. கேமரா திரும்பிவரக் கோடை முடிந்துவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2,85,000-உம் 38,500-உம் சேர்த்தால் 3,23,500. கடை விலைக்கும் இதற்கும் வித்தியாசம் 16,500 யென்தான். வீணாகிய ஃபிலிம் செலவைச் சேர்த்தால் கடை விலையைத் தாண்டிவிடுகிறது. கடையில் வாங்கியிருந்தால் ஆறு மாதத்துக்குள் கொண்டுபோய் மேஜையில் வைத்திருக்கலாம். தனிநபரிடம் வாங்கும்போது விலை வித்தியாசம் ஒரு பழுதுச் செலவைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால்தான் யோசிக்கலாம் என்பது இப்போது என் கணக்கு. அதற்குக் கீழே என்றால் கடைதான்.

மாமியா பட்டறையில் கிடந்த மாதங்களில் சும்மா இருக்க முடியவில்லை. நகானோவில் ஒரு கடையில் ஃபுஜி 690 மூன்றாம் பதிப்பைப் பார்த்தேன், 1,18,000 யென். இந்த முறை அளவு நாடா பையில் இருந்தது. கடைக்காரர் சிரிக்கவில்லை, அவரே நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஃபுஜியில் பார்க்க வேண்டிய இன்னொன்று அடியில் இருக்கிறது. எத்தனை முறை ஷட்டர் விழுந்தது என்று காட்டும் எண். பத்து முறைக்கு ஓர் எண் நகரும், அதாவது 200 என்றால் 2,000 படம். தொழில்முறைக் குழுப்படக்காரர்கள் கையில் இருந்தவை சில ஆயிரங்களைத் தாண்டியிருக்கும். மூன்று இலக்கம்தான் என்பதால் 999-க்குப் பிறகு சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கிவிடும். கேமரா உடம்பு தேய்ந்து, எண் மட்டும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மெதுவான வேகங்களைக் காதால் கேளுங்கள். ஒரு நொடி என்று வைத்தால் ஒரு நொடிதான் திறந்திருக்க வேண்டும். பழைய எண்ணெய் காய்ந்த ஷட்டர் அங்கேதான் இழுக்கும், சிலவற்றில் மூடாமலேயே நிற்கும். பின்கதவைத் திறந்து ஃபிலிமை அழுத்தும் தகடு 120-க்கு வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 220 ஃபிலிம் (120-ஐப் போல இரண்டு மடங்கு நீளமானது) கிடைப்பதே அரிதாகிவிட்ட காலம், முன்பு வைத்திருந்தவர் 220-இல் விட்டுப்போயிருக்கலாம்.

ஃபுஜியோடு வாழ்வது வேறு அனுபவம். ஃபிலிமை நகர்த்த நெம்புகோலை இரண்டு முறை இழுக்க வேண்டும். ஷட்டரை அழுத்தினால் லென்ஸ் மெல்லத்தான் பேசுகிறது, ஆனால் அடியில் இருக்கும் அந்த எண்ணும் பொறி டங்கென்று ஒரு சத்தம் போடும். கித்த கமகுராவில் என்காகு ஜி கோயிலில் அதிகாலை அமைதியில் அந்தச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் மாமியாவுக்கு ஈடே இல்லை. நீண்ட நேர எக்ஸ்போஷருக்கு, அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து ஃபிலிமில் வெளிச்சம் விழவிட, டி என்ற நிலை உண்டு. அழுத்தினால் திறந்துவிடும், மூட வேண்டும் என்றால் வேக வளையத்தைத் திருப்பவோ ஃபிலிம் நெம்புகோலை இழுக்கவோ வேண்டும். இரண்டிலும் கேமரா ஆடும். அதனால் முதலில் மூடியை லென்ஸ் முன்னால் பிடித்து மறைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். பழசானதால் ஃபோகஸ் கட்டம் மங்கலாக இருந்தால், வ்யூஃபைண்டரின் முன்பக்கப் பெரிய ஜன்னல் நடுவில் ஒரு குட்டிக் கறுப்பு நாடாத் துண்டை ஒட்டிப் பாருங்கள். பின்னணி இருண்டு இரண்டாவது பிம்பம் பளிச்சென்று எழும். அதை வைத்துத்தான் மாலை வெளிச்சத்தில் எடுக்கிறேன்.

மீட்டர் இல்லாதது முதலில் பயமாக இருந்தது. கையில் பிடிக்கும் லைட் மீட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஆச்சரியம் என்னவென்றால் ஃபுஜியில் என் எக்ஸ்போஷர்கள் மாமியாவைவிடச் சீராக வந்தன. மாமியாவின் மீட்டர் லென்ஸ் வழியாக அளப்பதில்லை, வ்யூஃபைண்டர் ஜன்னலில் இருக்கிறது. மேலே வெளிறிய வானம் இருந்தால் ஏமாந்துவிடும், நிலம் இருண்டுபோகும். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து அளந்து, அந்த அளவைப் பூட்டிவிட்டு எடுக்கப் பழகினால் சரியாகிவிடும். லென்ஸில் வடிகட்டி (ஃபில்டர்) போட்டால் அது வெளிச்சத்தைக் குறைப்பது மீட்டருக்குத் தெரியாது, அதை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். இரண்டு கேமராவுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: லென்ஸ் மூடியை எடுக்காமல் அழுத்தினாலும் வ்யூஃபைண்டரில் காட்சி அழகாகத்தான் தெரியும். நான் நடக்கத் தொடங்கும்போதே மூடியைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிடுகிறேன்.

பேட்டரி விஷயத்தை ஓகு நிக்கோவில் கற்றேன். செஞ்சோகஹாரா சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர், பனி முழங்கால் வரை. விடியற்காலை இளஞ்சிவப்பு வெளிச்சம் மலை உச்சியில் இறங்கும் நேரத்தில் மாமியா அசையவில்லை. குளிரில் பேட்டரி சோர்ந்துவிட்டது. அதைக் கழற்றிக் கையுறைக்குள் சூடாக்கிப் போட்டதும் சில படங்களுக்கு உயிர் வந்தது, அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அது கேட்பது 4எஸ்ஆர்44 என்ற ஆறு வோல்ட் பேட்டரி, எல்லாக் கடையிலும் இருக்காது. அவசரத்துக்கு எல்ஆர்44 பொத்தான் பேட்டரிகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாடாவால் சுற்றினால் அதே மின்னழுத்தம், அதே வடிவம். நூறு யென் கடையிலும் கிடைக்கும், நம் ஊர் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். குளிரில் மட்டும் சில்வர் ஆக்ஸைடு வகையே நல்லது. ஒரு ஜோடியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? எனக்கு இப்போது தெளிவான கருத்து இருக்கிறது. ஒரே ஒரு மீடியம் ஃபார்மட் கேமராதான் வாங்கப்போகிறீர்கள், அதைப் பத்துப் பதினைந்து வருடம் வைத்திருக்க நினைக்கிறீர்கள் என்றால் ஃபுஜி. விலை மூன்றில் ஒரு பங்கு, கெட்டுப்போகும் மின்சுற்று உள்ளே இல்லை, இயந்திர ஷட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் எங்கேயாவது இருப்பார். மிச்சமாகும் இரண்டு லட்சம் யென்னுக்கு ஃபிலிம் வாங்கலாம். நான் ரோலுக்கும் கழுவி ஸ்கேன் செய்வதற்கும் சேர்த்து ஏறத்தாழ 4,000 யென் கொடுக்கிறேன். மாமியாவில் ஒரு படம் 400 யென், ஃபுஜியில் 500. படத்துக்கு நூறு யென் கூட, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை வித்தியாசத்தை இந்த நூறு யென் சாப்பிட்டு முடிக்க 2,000 படம் எடுக்க வேண்டும். ஒற்றை லென்ஸ் என்பது குறையாகத் தோன்றலாம். 6×9-இல் 90 மி.மீ. என்பது 35 மி.மீ. கேமராவில் ஏறத்தாழ 40 மி.மீ. பார்க்கும் கோணம், தெரு, முகம், நிலக்காட்சி மூன்றுக்கும் ஒத்துவருகிறது.

மாமியா யாருக்கு? அகலக் கோணம் வேண்டும் என்பவர்களுக்கு. அதன் 43 மி.மீ. லென்ஸுக்கு இணையாக இந்த உலகத்தில் அதிகம் இல்லை. கோயிலிலும் கச்சேரியிலும் சத்தமில்லாமல் எடுக்க வேண்டியவர்களுக்கு. நாள் முழுதும் நடப்பவர்களுக்கும்தான், அந்த முந்நூறு கிராம் மாலையில் தோளுக்குத் தெரியும். பழுதுக்கு ஒதுக்க ஓர் 50,000 யென்னும், பழுதானால் மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் இருக்க வேண்டும். நான் இன்னும் அதை விற்கவில்லை. சரிசெய்த பிறகு எஃப் 4-இல் கண் இமை வரை கூர்மையாக விழுகிறது, அந்த லென்ஸின் அழகை என்னால் விட முடியவில்லை. ஆனால் பைக்குள் வைக்கும்போது சுற்றிலும் மெத்தை வைத்துத்தான் வைக்கிறேன், எந்த முக்கியப் பயணத்துக்கும் முன்பு ஆற்றங்கரைக்குப் போய் ஸ்கைட்ரீயை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதை வாங்க நினைப்பவர்களுக்குத் தனியாகச் சில. ஊருக்குப் போனபோது சென்னையில் விசாரித்தேன். ஃபுஜியில் இருப்பது போன்ற இயந்திர லீஃப் (இதழ்) ஷட்டரைப் பார்க்கிறேன் என்றவர்கள் கிடைத்தார்கள், மாமியா 7 மின்சுற்றைத் தொடுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பானிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்க வரி சேரும். விலையில் பெரிய பங்கு அதுவாகவே ஆகிவிடலாம் என்பதால் பணம் கட்டும் முன் அப்போதைய விகிதத்தைப் பார்த்துவிடுங்கள். பழுதுக்குத் திருப்பி அனுப்பினால் போகவர இன்னொரு செலவு. கண்ணாடியில் பூஞ்சை நம் கடலோர ஊர்களில் சீக்கிரம் பிடிக்கும். ஃபுஜியின் லென்ஸைக் கழற்றித் தனியாகச் சுத்தம் செய்யக் கொடுக்க முடியாது, முழுக் கேமராவும் போக வேண்டும். அதனால் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றை முதல் நாளே வாங்குங்கள், சிலிக்கா பையோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாகூடப் போதும். தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வரும்போதும் போகும்போதும் ஃபிலிமைக் கைப்பையில் வைத்து, பாதுகாப்புச் சோதனையில் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; புது சி.டி. ஸ்கேன் (CT) வகை சோதனை இயந்திரங்கள் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும். ரோல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினால் அதிகாரிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை.